வேலியே பயிரை மேய்ந்தால்: முடக்குவாதமும் அழற்சியும்

உழவுத் தொழிலுக்கு நிலமும் நீரும் எவ்வளவு இன்றியமையாதனவோ அவ்வளவு இன்றியமையாதது மனிதனின் கை. நாற்றுப் பறிப்பதும், நடுவதும், களை எடுப்பதும், கதிர் அறுப்பதும், பால் கறப்பதும் விரல்களின் வேலையே. மழை பொய்த்தால் அடுத்த பருவத்தை எதிர்நோக்கலாம். மாடு இறந்தால் கடன் பெற்று வேறு மாடு வாங்கலாம். ஆனால் விரல்கள் கோணி, மணிக்கட்டு மடங்காமற் போய்விட்டால் அந்தக் கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் அரிது. இத்தகைய கேட்டினை விளைவிக்கும் நோய்களுள் தலையாயது முடக்குவாதம். நாட்டு வழக்கில் இதனைச் சரவாங்கி என்றும் கூறுவர். டாக்டர்கள் 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்பர்.

மூட்டுவலி என்றாலே அது முதுமையின் விளைவு என்றும், வாயுத் தொல்லை என்றும், தைலம் தேய்த்தால் போதும் என்றும் எண்ணி வாளாவிருப்போர் நம்மிடையே பலர். முடக்குவாதத்தைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் தவறு. தவறு மட்டுமன்று, கைகளையே இழக்கச் செய்வதுமாகும். இந்நோய் தேய்மானத்தால் வருவதன்று, அழற்சியால் வருவது. அழற்சியைத் தொடக்கத்திலேயே அடக்கினால் மூட்டுகளைக் காப்பாற்றலாம். காலந் தாழ்த்தினால், பின்னர் எத்தகைய சிறந்த மருந்தும் அரிக்கப்பட்ட எலும்பைப் பழையபடி ஆக்கித் தராது. இதனை விளக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது எங்கோ ஒருவருக்கு வரும் அரிய நோய் என்று கருத வேண்டுவதில்லை. டில்லிக்கு அண்மையிலுள்ள கிராமங்களில் நடத்தப்பெற்று 1993ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, வயது வந்தோரில் 100க்கு ஏறத்தாழ 0.75 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அக்கணக்கின்படி பார்த்தால், வயது வந்தோர் 2,000 பேர் வாழும் ஒரு பஞ்சாயத்தில் சுமார் 15 பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது 2 அல்லது 3 மடங்கு மிகுதியாக வருகிறது. இளம் வயதினருக்கும் நடு வயதினருக்கும், அதாவது குடும்பத்தைத் தாங்கும் பருவத்தினருக்கும் இது வருகிறது என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைத்துவிடுகிறது. சிறிது நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது; வீங்குகிறது; தொட்டால் சுடுகிறது; வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்னும் அறிஞர் தொகுத்து எழுதி வைத்தார். பிற்காலத்தவர் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தனர். அது, அவ்வுறுப்பு தன் வேலையைச் செய்ய இயலாமற் போதல். இவற்றை உண்டாக்கும் நிகழ்ச்சிக்கே அழற்சி என்று பெயர்.

அழற்சி தன்னளவில் தீயதன்று. அது உடலின் காவல். முள்ளோடு கிருமிகள் உட்புகுந்ததும் அவ்விடத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் குழாய்களை விட்டு வெளிப்போந்து கிருமிகளை விழுங்குகின்றன. ஓர் அணு மற்றோர் அணுவுக்குச் செய்தி அனுப்பத் தூதுப் பொருள்கள் சிலவற்றைச் சுரக்கின்றது. ஊரில் தீப்பிடித்தால் ஒருவர் கூவ, மற்றவர் குடமெடுத்து ஓடிவருவதை இதற்கு ஒப்பிடலாம். தீ அணைந்ததும் யாவரும் வீடு திரும்புவதைப் போன்று, கிருமிகள் அழிந்ததும் அழற்சியும் தணிகிறது, புண் ஆறுகிறது. இக்காவல் இல்லாவிடின் ஒரு சிறு முள்ளே நம் உயிரைக் குடித்துவிடும்.

காவல் தடுமாறுதல்

காவலன் கள்வனையும் வீட்டுக்காரனையும் வேறு பிரித்து அறிந்திருத்தல் வேண்டும். நம் உடலின் காவலணுக்களும் அவ்வாறே தம் உடலைச் சார்ந்தது இது, அயலானது இது என்று பிரித்தறியப் பழக்கப்பட்டவை. ஒரு காலத்தில், உடல் தன்னைத் தானே தாக்காது என்றே மருத்துவ அறிஞர்கள் பெரும்பாலோர் நம்பினர். 1956ஆம் ஆண்டில் அந்நம்பிக்கை தளர்ந்தது. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வீங்கிய சில நோயாளிகளின் இரத்தத்தில், அச்சுரப்பியையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை இங்கிலாந்தில் கண்டறிந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில், முயலின் உடலை அதன் சொந்தத் தைராய்டுக்கு எதிராகத் திருப்ப இயலும் என்பதையும் மெய்ப்பித்தனர். வேலியே பயிரை மேயும் இத்தகைய நோய்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்று பெயர். முடக்குவாதம் அவற்றுள் ஒன்று.

காவல் தடுமாறுவது எதனால்? காரணம் ஒன்றன்று, பல சேர்ந்து வருகின்றன. பிறப்பிலேயே அமைந்த பரம்பரைக் கூறு ஒன்று. புகை பிடித்தல் மற்றொன்று. புகையினால் நுரையீரலிலும், நாட்பட்ட நோயினால் பல் ஈறுகளிலும், உடலின் சொந்தப் புரதங்கள் சில உருமாறுகின்றன. உருமாறிய அப்புரதத்தைக் காவலணுக்கள் அயலானாகக் கருதி எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. மூட்டில் வலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவ்வெதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் காணப்படுதலும் உண்டு. ஆகவே இது தொற்றுநோயன்று, முன்வினைப் பயனுமன்று, தண்ணீரில் நின்று வேலை செய்ததால் வந்ததுமன்று. இந்நோயுள்ளவரை ஒதுக்கி வைப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

மூட்டினுள் நிகழ்வது

இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. எலும்பு முனைகளின்மேல் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. வண்டி அச்சுக்கு மசகு இடுவதைப் போன்று, அச்சவ்வு ஒரு திரவத்தைச் சுரந்து மூட்டை எளிதாக இயங்க வைக்கிறது.

முடக்குவாதத்தில் அழற்சி பற்றிக்கொள்வது இச்சவ்விலேதான். வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. டி.என்.எப்., இன்டர்லூக்கின் 6 முதலான தூதுப் பொருள்கள் இடைவிடாது சுரக்கின்றன. அணைக்க வேண்டிய தீ ஏதும் இல்லாதபோதும் கூவல் நிற்பதில்லை, கூட்டமும் கலைவதில்லை. மெல்லியதாயிருந்த சவ்வு தடித்து வளர்ந்து, வரப்பிலிருந்த அறுகம்புல் வயலுக்குள் படர்வதைப் போன்று குருத்தெலும்பின்மேல் படர்கிறது. படர்ந்த இடத்தைக் கரைக்கிறது. நம் எலும்பு நாள்தோறும் சிறிது கரைக்கப்பட்டும் மீண்டும் கட்டப்பட்டும் வருவது இயல்பு. அழற்சியின் ஏவலால் கரைக்கும் அணுக்கள் பெருகிவிடுகின்றன. கட்டும் வேலை பின்தங்கிவிடுகிறது. எலும்பின் ஓரங்கள் அரிக்கப்படுகின்றன. மூட்டைப் பிணைத்து நிற்கும் நார்கள் தளர்கின்றன; விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன.

இவ்வரிப்பு பத்து இருபது ஆண்டுகள் கழித்து நிகழ்வதன்று. தக்க வைத்தியம் பெறாத நோயாளிகளுள் பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பு அரிப்பு தொடங்கிவிடுகிறது. வெளியே விரல் நேராகத் தோன்றும் காலத்திலேயே உள்ளே அழிவு நடந்துகொண்டிருக்கிறது. நோய் தோன்றிய முதற் சில மாதங்களே அதனை அடக்குவதற்கு ஏற்ற காலம் என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

உடல் முழுதும் பரவும் தீங்கு

அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. தூதுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. இளங்காய்ச்சல், அசதி, உடல் மெலிவு ஆகியவை தோன்றுகின்றன. இரவின் பிற்பகுதியில் இப்பொருள்கள் மிகுதியாவதால், விடியற்காலையில் கைகள் மரக்கட்டைபோல விறைத்து நிற்கின்றன. பொழுது ஏற ஏறச் சிறிது தளர்கின்றன. இரத்தச் சோகையும் இதன் உடன்விளைவே. கிருமிகளுக்கும் இரும்புச் சத்து தேவை. ஆகையால் அழற்சியின்போது உடல், பகைவனுக்குத் தானியம் கிடைக்கலாகாது எனக் களஞ்சியத்தைப் பூட்டுவதைப் போன்று, இரும்பைச் சேமிப்பிடங்களிலேயே பூட்டி வைக்கிறது. அழற்சியால் வந்த இத்தகைய சோகை, இரும்பு மாத்திரையால் மட்டும் நீங்குவதில்லை. அழற்சி அடங்கினால்தான் பூட்டுத் திறக்கும். பல்லாண்டுகள் நீடிக்கும் அழற்சி இரத்தக் குழாய்களையும் கெடுப்பதால், முடக்குவாதமுடையோருக்கு மாரடைப்பு நேரும் வாய்ப்பும் பிறரைவிட மிகுதி.

உறவு நோய்கள்

தன்னெதிர்ப்பாலும் அழற்சியாலும் நேரும் வேறு சில நோய்களையும் நாம் அறிந்திருத்தல் நலம். முதுகெலும்பைப் பற்றும் வாதம், பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருவது. இடுப்பின் கீழ்ப்பகுதி விடியற்காலையில் விறைத்து வலிக்கும். ஓய்வெடுத்தால் வலி மிகும், நடந்து வேலை செய்தால் குறையும். சுளுக்கென்று நினைத்துப் பல ஆண்டுகளை வீணாக்குவோர் பலர். லூபஸ் என்னும் நோய் பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருவது. கன்னங்களில் வண்ணத்துப் பூச்சியின் சிறகுபோன்ற சிவந்த படை, மூட்டுவலி, காய்ச்சல் ஆகியவற்றோடு தோன்றிச் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. சோரியாசிஸ் என்னும் தோல் நோயுள்ளோரில் ஒரு பகுதியினருக்கும் மூட்டழற்சி உண்டாகிறது.

குழந்தைகளுக்கு வரும் வாதக் காய்ச்சலும் இவ்வினத்ததே. ஒருவகைக் கிருமியால் தொண்டைப்புண் வந்து சில வாரங்களுக்குப் பின், அக்கிருமியை எதிர்க்க எழுந்த காவல், உருவ ஒற்றுமையால் மயங்கி மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. மூட்டுவலி மறைந்துவிடும், இதய வால்வின் பழுது நிலைத்துவிடும். தொண்டைப்புண்ணுக்கு உரிய காலத்தில் பென்சிலின் முதலிய மருந்து கொடுத்தால் இதனைத் தடுக்கலாம்.

இனி, எல்லா மூட்டுவலியும் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. முதியோரின் முழங்கால் தேய்மானம் வேறு. சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் வலி வேறு. 2006ஆம் ஆண்டில் சிக்குன்குனியா நம் மாநிலத்தில் பரவியபோது அவ்வலியை அனுபவித்தவர்கள் அநேகர். பலருக்கு அது சில வாரங்களில் தணிந்தது; சிலருக்கு மாதக் கணக்கில் நீடித்தது. எவ்வகையாயினும், வீக்கம் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதனை ஆராய்ந்தே தீர்தல் வேண்டும்.

மருந்துகளின் வரலாறு

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டு நோயால் முடங்கியிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் குழுவினர் கார்ட்டிசோன் என்னும் சுரப்புப் பொருளைச் செலுத்தினர். சில நாட்களுக்குள் அப்பெண் எழுந்து நடந்தாள். உலகமே வியந்தது, 1950ஆம் ஆண்டில் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. ஆயினும் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பிற்று. நீண்ட நாள் மிகுதியாக உட்கொண்டவர்களுக்கு முகம் ஊதிற்று, எலும்பு மெலிந்தது, நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வந்தன. ஸ்டீராய்டு என வழங்கும் இம்மருந்தினம், டாக்டரின் மேற்பார்வையில் குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கு மட்டுமே ஏற்றது என்பது அனுபவத்தால் விளங்கிற்று.

இன்று முடக்குவாத வைத்தியத்தின் அடிப்படையாக விளங்குவது மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து. இதன் வரலாற்றில் நாம் பெருமை கொள்வதற்கு இடமுண்டு. 1895ஆம் ஆண்டில் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவரின் தலைமையில் நடந்த போலிக் அமில ஆராய்ச்சியிலிருந்தே இம்மருந்தினம் தோன்றிற்று. முதலில் இது குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. இவ்வினத்து மருந்தை 1951ஆம் ஆண்டில் மூட்டழற்சிக்கும் கொடுத்துப் பார்த்தனர். 1988ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்திற்கு முறைப்படி அங்கீகரித்தது. 1948ஆம் ஆண்டிலேயே மறைந்த சுப்பாராவ் இப்பயனைக் காணவில்லை.

1992ஆம் ஆண்டில் லண்டனில் ரவீந்தர் மைனி, மார்க் பெல்ட்மன் ஆகிய இரு அறிஞர்கள், டி.என்.எப். என்னும் அந்தத் தூதுப் பொருளையே மறிக்கும் மருந்தை நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்தனர். வீக்கம் வடிந்தது. அழற்சியே இந்நோயின் உயிர்நிலை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எனினும் இம்மருந்து விலையுயர்ந்தது. உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடவும் கூடும். ஆதலால் காசநோய்ப் பரிசோதனை செய்த பின்னரே இதனைக் கொடுத்தல் முறை.

வலி தீர்வது வேறு. நோய் அடங்குவது வேறு

இவ்விடத்தில் நம் மக்கள் ஏமாறும் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடையில் வாங்கும் வலி மாத்திரை வலியைக் குறைக்கும். வீக்கத்தையும் ஓரளவு தணிக்கும். ஆனால் எலும்பு அரிப்பைத் தடுக்காது. மடை உடைந்து நீர் பாயும் ஓசை கேட்காதபடி காதைப் பொத்திக்கொண்டால் வயல் மூழ்காமலிருக்குமா? இம்மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவதால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் நேர்வதுண்டு. மூட்டுவலிக்கென விற்கப்படும் பெயரற்ற பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததும் கண்டறியப்பட்டிருக்கிறது. 'ஒரே நாளில் குணம்' என்றால் அங்கேதான் ஐயுறவு கொள்ளுதல் வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் ஒரு நாளில் குணம் தருவதன்று. பயன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை பொறுமையோடிருத்தல் அவசியம். இம்மருந்து வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளற்பாலது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எழுத்தறியாதவர்களுக்கு, சந்தை நாளையோ வேறொரு குறித்த கிழமையையோ அடையாளமாகச் சொல்லிக் கொடுத்தல் நன்று. இதனுடன் போலிக் அமில மாத்திரையும் கொடுப்பர். குறித்த இடைவெளியில் இரத்தமும் கல்லீரலும் சோதிக்கப்பெறும். மதுவை அறவே விலக்க வேண்டும். கருவுற்ற பெண்களும், கருவுற விரும்பும் பெண்களும் இதனை உட்கொள்ளலாகாது. அவர்களுக்குப் பொருந்தும் வேறு மருந்துகள் உண்டு. ஆகவே டாக்டரிடம் எதையும் மறைக்காது கூறுதல் வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

முதலாவதாக, கிராம சபை கூடும் நாளில் மூன்று கேள்விகளை மக்கள் மனத்திற் பதியுமாறு எடுத்துச் சொல்லலாம். காலையில் எழுந்ததும் கை கால்கள் அரை மணிக்கு மேல் விறைத்திருக்கின்றனவா? இரு கைகளின் விரல் கணுக்களிலோ, இரு பாதங்களிலோ வீக்கமும், சேர்த்து அழுத்தினால் வலியும் உண்டா? இது ஆறு வாரங்களாக நீடிக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்பவர் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். வீக்கம் நன்கு தெரியுமாயின் ஆறு வாரம் நிறையட்டும் என்று காத்திருக்கவும் வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, அத்தகையோரை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலாக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பி வைக்கத் துணை புரியலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்நோய்களுக்கெனத் தனித் துறையே உண்டு. இரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது; பரிசோதனையில் குறி தோன்றாதவர்களுள்ளும் நோயுள்ளோர் உண்டு, தோன்றியவர்களுள்ளும் நோயற்றோர் உண்டு.

மூன்றாவதாக, மருந்து உண்போர் இடையில் நிறுத்திவிடாமலும், பரிசோதனைக்குத் தவறாமற் செல்லவும் கிராம சுகாதாரச் செவிலியரின் உதவியை நாடலாம். நோய் சற்றுத் தணிந்ததும் மருந்தை விட்டுவிடுதலே பலருக்கும் கேடாய் முடிகிறது.

நான்காவதாக, வேலைத் தலங்களில் இவர்களுக்கு ஏற்ற வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். வீக்கம் மிக்க நாட்களில் மண் சுமத்தலும் நீர் இறைத்தலும் ஆகா; வீக்கம் தணிந்த நாட்களில் அசையாது படுத்திருத்தலும் ஆகாது. அரிவாள், கரண்டி ஆகியவற்றின் பிடியில் துணியைச் சுற்றிப் பருமனாக்கினால் விரல்களுக்குச் சிரமம் குறையும். வீட்டிலுள்ள ஆண்கள் தண்ணீர்க் குடத்தைத் தாம் எடுத்து வைப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே. பீடி, சிகரெட்டு, புகையிலை ஆகியவற்றை விலக்குமாறு இளைஞர்களுக்கு அறிவுறுத்துதலும் நம் கடமை.

பயிரில் நோய் கண்டால் அது வயல் முழுதும் பரவும்வரை எந்த உழவரும் காத்திருப்பதில்லை. முதல் இலை பழுத்ததுமே வேளாண்மை அலுவலரைத் தேடிச் செல்கிறார். அந்த விழிப்பைத் தம் வீட்டுப் பெண்டிரின் விரல்களிடத்தும் காட்டுவாரேயாயின், கோணிப்போயிருக்க வேண்டிய கைகள் பல இனியும் நாற்று நடும், குழந்தையைத் தூக்கும், பிறர் துணையின்றிச் சோறு பிசைந்து உண்ணும். அதற்குத் தேவையான மருந்து இன்று உண்டு. காலத்தே சென்று அதனைப் பெறுவதற்கு வழிகாட்ட வேண்டியவர்கள் ஊரிலுள்ள நாமே.